குசினிக்கு லைற் இல்லாத வீடு

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்தால் மூன்று பேருக்குத் தகவல் போகும். பாதருக்கு, சவப்பெட்டிக் கடைக்கு, பிறெடிக்கு. பாதர் வர நேரமாகலாம், பெட்டி வரவும் நேரமாகலாம். பிறெடி மட்டும் அரை மணித்தியாலத்தில் ஏணியோடு வந்து நிற்பான். சாவு வீட்டுக்கு ரியூப் லைற் கட்டுவதுதான் அவன் தொழில். முப்பத்து மூன்று வருடமாக அதைத்தான் செய்கிறான்.

அதற்கு அவனிடம் ஒரு முறை உண்டு. முதலில் வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு லைற். "வாறவங்களுக்கு வீடு தெரிய வேணும்" என்பான். அடுத்தது முன் அறை. கதிரைகளைச் சுவரோடு தள்ளுவான், மேசையைத் தூக்கி வெளியே வைப்பான். பெட்டி வைக்கிற இடத்துக்கு மேலே வெளிச்சம் நன்றாக விழவேண்டும் என்று அங்கே இரண்டு. அடக்கம் முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து எல்லாவற்றையும் கழற்றி, வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு போய்விடுவான். வேலை நடுவே சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டான். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தால் சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு எழும்புவான். செத்தவர்கள் காத்திருக்க மாட்டார்களாம்.

நாங்கள் இருப்பது ஒரு தோட்டத்தில். தோட்டம் என்றால் மரம் செடி ஒன்றும் இல்லை. பதினாறு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். என் வீட்டுக் கதவைத் திறந்தால் பிறெடியின் வீட்டுக் கதவு. அதனால் அவன் வீட்டில் நடந்தது எதையும் நான் ஒளிந்து நின்று கேட்கவில்லை. தானாகக் காதில் விழுந்தது.

அவன் பெண்சாதி புளோறன்ஸ் வெள்ளவத்தையில் ஒரு மொன்ரிசோரியில் பத்தொன்பது வருடம் வேலை செய்தாள். ரீச்சர் இல்லை. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, கழுவிவிட்டு, சோற்றுப் பெட்டியைத் திறந்து கொடுக்கிற வேலை. விடியற்காலை பஸ் ஏறினால் பின்னேரம்தான் திரும்பி வருவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர்கள் கதைத்ததில்லை, நானும் கதைக்கப் போவதில்லை.

போன வருடம் மொன்ரிசோரியில் பிள்ளைகள் விளையாடுகிற பொம்மை வீடு உடைந்துபோனது. "நான் ஒன்று செய்து தாறன்" என்று இவள் வாயைக் கொடுத்துவிட்டாள். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, பசை பூசி, ஞாயிறு பூசைக்குப் போய்வந்த கையோடு வாசலில் உட்கார்ந்து செய்வாள். கீழே முன் அறையும் சமையல் செய்கிற குசினியும், மேலே படுக்கை அறையும் குளியல் அறையும். முதலில் செய்து முடித்தது குளியல் அறையைத்தான். பற்பசை மூடியில் வாளி, நூல் உருளையில் கொமட். "பிள்ளைகளுக்கு முதல்ல தேவைப்படுற இடம் இதுதானே அக்கா" என்றாள். அவள் தொழில் அது, அவளுக்குத் தெரியும்.

லைற் போடுகிற வேலையை அவள் புருசனுக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். கார்த்திகை மாதம் தொடங்கிய சண்டை அது.

"நாலு சின்ன பல்ப். எனக்குப் போட்டுத் தர ஏலாதா?"

"நான் லைற் கட்டின வீட்டில எல்லாம் ஆக்கள் அழுதிருக்காங்க, புளோறி. சின்னப் பிள்ளைகளின்ட வீட்டை விடு."

"அப்ப உங்களுக்கு அழுகிற வீட்டுக்கு மட்டும்தான் வயர் இழுக்கத் தெரியும், அப்படித்தானே?"

"ஓம். அதுக்குத்தான் கூப்பிடுறாங்க."

"நத்தாருக்குக் குடில் கட்டேக்க மட்டும் கை வளையுது."

"அதில பிறக்கிறவர் ஆண்டவர். அவரை என்ட கைராசி ஒண்டும் செய்யாது."

அவள் சிரித்துவிட்டாள். நானும் இங்கே மீன் வெட்டிக்கொண்டே சிரித்தேன். நத்தார் முடியட்டும் என்றான். நத்தார் முடிந்தது, தை மாதம் முடியட்டும் என்றான். மாசி மாதம் பன்னிரண்டாம் திகதி புளோறன்ஸ் குழாயடியில் வாளியோடு சரிந்தாள். நாலு நாள் ஆசுபத்திரியில் கிடந்தாள், கண் திறக்கவில்லை.

அவள் போன அன்றைக்கும் லைற் கட்டியவன் பிறெடிதான். தோட்டமே சொன்னது, "நீ இரு, வேற ஆளைக் கூப்பிடுவம்" என்று. அவன் காதில் வாங்கவில்லை. ஏணியைக் கொண்டுவந்து தன் வாசலில் சாத்தினான். ஏணிக்காலைப் பிடித்தவள் நான்தான். எழுபத்தெட்டு வயதில் ஏணி பிடிக்கிறேன், மேலே நிற்கிறவன் என் மேல் விழுந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனேதான் லைற் கட்ட வேண்டும். அவன் விழவில்லை. வாசலில் இரண்டு, முன் அறையில் இரண்டு. கதிரைகளைச் சுவரோடு தள்ளினான். மேசையைத் தூக்கி என் வீட்டில் வைத்தான். எல்லாம் வேறு யாரோ வீட்டு வேலை மாதிரி.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அடக்கம் முடியும் வரை சோறு நாங்கள் கொண்டுபோனோம். அடக்கம் முடிந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் லைற்றைக் கழற்றி வயரைச் சுற்றினான். ஏழாம் நாள் பூசை முடிந்தது. முப்பத்தோராம் நாளும் முடிந்தது. நாங்கள் சோறு கொண்டுபோவதை நிறுத்தவில்லை. பகலுக்கு நான், இரவுக்குப் பக்கத்து வீட்டு மஸாஹிரா. தனி ஆண், சமைக்கத் தெரியாது, பாவம் என்று.

அவன் கொடுத்ததைச் சாப்பிட்டான். உப்பில்லை என்று சொல்லவில்லை, ருசி என்றும் சொல்லவில்லை. ஒருநாள் மறந்துபோய் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். அதையும் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவித் தந்தான். போன் வந்தால் ஏணியோடு போனான், வந்தான், கதவைச் சாத்தினான். பொம்மை வீடு கட்டிலுக்குக் கீழே இருந்தது. கூரை பாதிதான் போட்டிருந்தது. அதை அவன் தொடவில்லை.

உயிர்த்த ஞாயிறு போய் இரண்டு கிழமையில் மொன்ரிசோரி ரீச்சர் பிள்ளை ஒருத்தி பிறெடியைத் தேடி வந்தாள். ஹம்சிகா என்று பெயர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நெற்றியில் திருநீறு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன், அதனால் அங்கேயே இருந்தேன்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. அந்த வீட்டைப் பற்றிக் கேக்க வந்தனான்."

பிறெடி கட்டிலுக்குக் கீழே இருந்து இழுத்து வெளியே வைத்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு வடிவாச் செய்திருக்கிறா. ஆனால் பெரிய ரீச்சர் முடியாத வீட்டை வகுப்பில வைக்கேலாது எண்டுறா. வாற திங்கள் தவணை தொடங்குது. அதுக்குள்ள இது வராட்டி பிளாஸ்ரிக்கில ஒண்டு வாங்கப் போறாவாம். பிறகு இது ஸ்ரோர் ரூமுக்குத்தான் போகும். இரண்டு வைக்க அங்க இடமில்லை."

"லைற் இல்லாம எடுத்துட்டுப் போங்களேன், மகள்."

"கூரையைப் போட்டுத் தந்தாலே காணும் அங்கிள். ஆனால்..." அவள் பாதிக் கூரையைத் தொட்டுப் பார்த்தாள். "நாலு அறைக்கும் நாலு லைற் எரியும் எண்டு அன்ரி பிள்ளைகளுக்குச் சொல்லிப்போட்டா. அன்ரி இருக்கேக்க, விடியக் காலமை வந்த உடன முதல் கேள்வி அதுதான். 'அன்ரி, கரண்ட் வந்திட்டுதா?' நாங்கள் அன்ரி ஊருக்குப் போயிட்டா எண்டு சொல்லி வச்சிருக்கிறம். அவை இப்ப, அன்ரி கரண்டோட வருவா எண்டு இருக்கினம்."

"நாலு அறைக்குமா சொன்னா?"

"ஓம். நாலு அறைக்கும்."

பிறெடி தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். "திங்கட்கிழமை காலையில கொண்டுவாறன்" என்றான். அவ்வளவுதான் கதை. அவள் போன பிறகு வீட்டை மேசை மேல் தூக்கி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை புறக்கோட்டைக்குப் போய் முதலாம் குறுக்குத் தெருவில் பல்ப் வாங்கி வந்தான். அரிசி அளவு பல்ப், ஆறு. கடைக்காரன் சிங்களத்தில் என்ன வேலை என்று கேட்டானாம். வீட்டுக்கு வயரிங் என்றானாம் இவன். "லொக்கு கெயக்த, அய்யே?" பெரிய வீடா என்று அவன் கேட்க, இவன் இரண்டு கையையும் விரித்து இவ்வளவு என்று காட்டினானாம். கடைக்காரன் சிரித்தானாம். பிறெடி இதை எனக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை. பஸ் நேரத்துக்கு வந்தது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னான்.

முதல் நாள் ஆறு பல்பையும் எரித்துவிட்டான். பழைய பெட்டி ஒன்றில் கிடந்த கரண்ட் அடப்டரில் கொடுத்துப் பார்த்திருக்கிறான். டப்பென்று சத்தம் எனக்குக் கேட்டது. போய்ப் பார்த்தால் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"என்னடா?"

"கூடக் குடுத்துட்டன், அக்கா. இதுக்கு இரண்டு பற்றரி போதுமாம். எனக்குப் பெரிய லைற்தானே பழக்கம்."

புதன்கிழமை மறுபடியும் புறக்கோட்டைக்குப் போய் இன்னும் ஆறு வாங்கி வந்தான். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தான். ஒரு சாவு வீட்டுக்கும் போய்வந்தான். கூரையின் மற்றப் பாதியைப் போட்டான், திறந்து மூடப் பிணைச்சல் வைத்தான். பகல் சோறு கொண்டுபோகிற நேரம் எட்டிப் பார்ப்பேன். வயர் எங்கே போகிறது என்றே தெரியாது, அவ்வளவு நேர்த்தி. சாவு வீட்டில் சும்மா சுருட்டித் தொங்கவிடுகிறவன் இதில் சுவருக்குள்ளால் விட்டிருந்தான்.

வெள்ளி பின்னேரம் கூப்பிட்டான். "அக்கா, வந்து பாருங்க. முடிஞ்சுது." ஜன்னலைச் சாத்தி, கதவுக்கு வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினான். பொம்மை வீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச். தட்டினான்.

எரிந்தது. வெள்ளை வெளேரென்று எரிந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாசலுக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு லைற். முன் அறையில் இரண்டு. படுக்கை அறையில் ஒன்று, குளியல் அறையில் ஒன்று. புளோறன்ஸ் செய்த தீப்பெட்டிக் கதிரைகள் நாலும் சுவரோடு சுவராக. நடுவில் அவள் ஒட்டாமல் வைத்திருந்த மேசையைக் காணவில்லை. பிறகு பார்த்தால் அது வாசலுக்கு வெளியே இருந்தது. முன் அறையின் நடு இடம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு லைற்றின் வெளிச்சமும் சரியாக அந்த இடத்தில்தான் விழுந்தது.

எனக்கு நயமாகக் கதைக்கத் தெரியாது. கேட்டுவிட்டேன்.

"பிறெடி, பெட்டியை எங்க வைக்கப் போறாய்?"

"எந்தப் பெட்டி?"

நான் முன் அறையின் நடு இடத்தைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான், பிறகு வீட்டைப் பார்த்தான். குனிந்து ஜன்னலுக்குள்ளால் பார்த்தான். அவனுக்கு விளங்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. முழங்காலில் கை வைத்துக் குனிந்தபடியே நின்றான்.

"கை பழகிப் போச்சு, அக்கா" என்றான்.

"சரி. குசினிக்கு எங்க?"

"குசினிக்கு எதுக்கு..." அத்தோடு நிறுத்தினான்.

சுவர் ஓரத்தில் குசினி இருட்டாகக் கிடந்தது. பொத்தான்களை அடுக்கி அவள் செய்த அடுப்பு, சோடா மூடியில் செய்த தாச்சி, ஒன்றும் தெரியவில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் அவன் ஒரு குசினிக்கு லைற் கட்டியதில்லை. நாலு அறை என்று அந்தப் பிள்ளை இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தாள். இவன் ஆறு லைற் போட்டும் நாலு அறை எரியவில்லை.

நான் திரும்பி அவன் வீட்டுக் குசினியைப் பார்த்தேன். அங்கேயும் இருட்டு. அடுப்பின் மேல் புளோறன்ஸ் கவிழ்த்துவிட்டுப் போன சட்டி கவிழ்த்தபடியே இருந்தது, பல்லி எச்சத்தோடு. பதினொரு கிழமை. அதை அப்படி வைத்திருந்தது அவன் மட்டும் இல்லை. சாவு வீடு முடிந்தும் முடியாமல், நேரம் தவறாமல் சோற்றைக் கொண்டுபோய் வைத்தது நானும் மஸாஹிராவும்தான்.

"நாளையில இருந்து உனக்குச் சோறு வராது" என்றேன்.

அவன் "சரி அக்கா" என்றான். கோபிக்கவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் பேத்தி இந்த இடத்தை எழுத வேண்டாம் என்கிறாள், என்னைக் கெட்டவள் என்று நினைப்பார்களாம். எழுது. அன்று மஸாஹிராவும் அப்படித்தான் நினைத்தாள். அவளையும் சோறு கொடுக்க விடாமல் மறித்தேன்.

"எவ்லினக்கா, ஒங்களுக்கு என்ன கல் மனசா? அந்த மனுசன் பாண் துண்டோட ஈக்கிறாரே!"

"பாண் திண்டு ஆரும் செத்ததில்லை."

"நாளைக்கு நான் ஒரு புரியாணிப் பார்சலாவது..."

"குடுத்துப் பார். உன்ட பார்சலை நான்தான் திம்பேன்."

சனிக்கிழமை கடையில் வாங்கிய பாண். பகலும் பாண், இரவும் பாண். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மீன் பொரித்தேன். நானும் அதில் பாதியை மிச்சம் வைத்தேன் என்பது வேறு கதை. அவன் எட்டிப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பொம்மை வீட்டையும் தொடவில்லை. திங்கட்கிழமைக்கு இது போகாது என்றுதான் நினைத்தேன். அவளுடைய வீடு ஸ்ரோர் ரூமில் கிடக்கும், பிளாஸ்ரிக் வீடு வரும், அந்தப் பிள்ளைகளும் மறந்துவிடும். போய்ச் சோற்றைக் கொடுத்துக் கையைப் பிடித்துக் கேட்போமா என்று இரண்டு முறை எழும்பினேன். இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் சட்டி தட்டுப்படுகிற சத்தம். பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம். கொஞ்ச நேரத்தில் அரிசி பொங்கி அடுப்பில் வழிந்து அணைகிற மணம். எரிச்சலான மணம்தான். நான் போகவில்லை. அரை மணித்தியாலம் கழித்து அவனே கதவடிக்கு வந்தான்.

"அக்கா, ஒரு கப் அரிசிக்கு எத்தனை கப் தண்ணி?"

"எத்தனை விட்டாய்?"

"ஆறு."

"அப்ப அதைக் கஞ்சி எண்டு குடி. நாளைக்கு இரண்டு விடு."

தலையாட்டிவிட்டுப் போனான். பின்னேரம் நான் போய்ப் பார்த்தபோது பொம்மை வீட்டின் வாசலில் இடப்பக்க லைற் இல்லை. அதைக் கழற்றிக் குசினிக்குள் கொண்டுபோய், பொத்தான் அடுப்புக்கு மேலே போட்டிருந்தான். வெள்ளையாக எரியாமல் இருக்க இனிப்புச் சுற்றி வருகிற ரொபிக் கடதாசி ஒன்றை, மஞ்சள் நிறம், அதன் மேல் சுற்றியிருந்தான். மேசை உள்ளே வந்திருந்தது. கதிரைகள் மேசையைச் சுற்றி இருந்தன. ஒன்று கொஞ்சம் கோணலாக, யாரோ எழும்பிப் போன மாதிரி.

"வாசல்ல ஒண்டு இன்னும் இருக்கே?"

"அது இருக்கட்டும், அக்கா. வாறவங்களுக்கு வீடு தெரிய வேணுமே."

திங்கட்கிழமை காலை ஓட்டோவில் வெள்ளவத்தைக்குப் போனோம். வீட்டை அவன் மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். பம்பலப்பிட்டியில் ஓட்டோ ஒரு குழியில் விழுந்தபோது, "மெதுவா மல்லி, உள்ள மேசை ஒட்டல்ல" என்றான். ஓட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான்.

மொன்ரிசோரியில் பதினெட்டுப் பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஹம்சிகா ரீச்சர் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். பெரிய ரீச்சர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறெடி சுவிட்சைத் தட்டினான். பிள்ளைகள் ஹா என்றார்கள். முன்னுக்கு இருந்த ஒரு பெண் பிள்ளை விரலை நீட்டி எரிகிற அறைகளை எண்ணினாள். "ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு. அன்ரி சொன்னது சரி." பெரிய ரீச்சர் கையை அவிழ்த்து, ஜன்னலோரம் இருந்த அலுமாரியைக் காட்டி, அதற்கு மேல் வைக்கச் சொன்னாள். நல்ல இடம்.

பிள்ளைகள் பொம்மைகளைக் கொண்டுவந்து உள்ளே போட்டார்கள். ஒரு பொடியன் தகப்பன் பொம்மையை எடுத்து, முன் அறை மேசை மேல் நீட்டிப் படுக்க வைத்தான், முகம் மேலே பார்க்க. நான் பிறெடியைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, அவர் ஏன் அதில கிடக்கிறார்?" என்று கேட்டான்.

"ரீவி பாக்கிறார்" என்றான் பொடியன். "அம்மா சாப்பாடு எண்டு கூப்பிட்டா எழும்புவார்."

பிறெடி தலையாட்டினான். அவ்வளவுதான். அழுவான் என்று நினைத்தேன், அழவில்லை. முகம் பதினொரு கிழமையும் இருந்த மாதிரியே இருந்தது. அந்தப் பொடியன் பொம்மையை எழுப்பிக் குசினிக்குக் கொண்டுபோகும் வரை நின்று பார்த்துவிட்டு, "போவமா அக்கா" என்றான்.

திரும்பி வரும் வழியில் அவன் போன் அடித்தது. முகத்துவாரத்தில் ஒரு வீடு. வயதான மனுசி, விடியப் போயிருக்கிறா. மற்ற நாள் என்றால் ஓட்டோவை அப்படியே அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுவான், ஏணியை ஆள் விட்டு எடுப்பான். நானும் இறங்கி பஸ் பிடிக்கத் தயாராகப் பையைக் கையில் எடுத்தேன்.

"இரண்டு மணிக்கு வாறன்" என்றான் போனில். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "இல்ல, இரண்டுக்குத்தான். வீட்டில சோறு இருக்கு. சாப்பிட்டுட்டு வாறன்."

போனைப் பையில் போட்டான்.

"காலையிலயே சமைச்சிட்டியா?" என்றேன்.

"ஓம். இரண்டு கப் தண்ணிதான் விட்டனான். பருப்பு கொஞ்சம் அடிப்பிடிச்சிட்டுது."

"மேலால எடுத்துச் சாப்பிடு."

என் வீட்டில் அன்றைக்குப் பாரைக் குழம்பு இருந்தது. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.